செடி பெருகும் வழிகள்: சிங்கப்பூர் வீட்டுத் தோட்டத்துக்கான கேள்வி பதில்

விதை போட்டாலும் செடி வருகிறது, குச்சி நட்டாலும் வருகிறது. என்ன வேறுபாடு?

விதை உருவாவது பாலினப் பெருக்கத்தில். ஆணின் பங்கும் பெண்ணின் பங்கும் கலப்பதால், பிறக்கும் செடி தாயை அப்படியே உரித்து வைத்ததுபோல் இருக்காது. குச்சி, பதியன், கிழங்கு, வேர்க்கன்று ஆகியவை பாலிலா இனப்பெருக்கம். அங்கே வளர்வது தாய்ச்செடியின் உடம்பில் ஒரு துண்டுதான். அதனால் பூவின் நிறம், காயின் சுவை, காய்க்கும் பருவம் எல்லாம் தாயினுடையதாகவே இருக்கும். தாய்க்கு நச்சுயிரி நோய் இருந்தால் அதுவும் கூடவே வரும். குச்சி வெட்டும் முன் இலைகளில் மஞ்சள் திட்டும் சுருக்கமும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

எந்தச் செடிக்கு எந்த வழி என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீரை, வெண்டை, மிளகாய், பாகல், புடலை எல்லாம் விதையில் வரும். மல்லிகை, வெற்றிலை, செம்பருத்தி, புதினா ஆகியவற்றுக்குக் குச்சி. வாழைக்கும் பாண்டானுக்கும் பக்கக்கன்று. பாண்டான் பூப்பதே மிக மிக அரிது, அதற்கு விதை தேடிப் பயனில்லை.

ஒரு பூவுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

மகரந்தத் தூள், பெண் உறுப்பின் உச்சியான சூல்முடியில் ஒட்டுகிறது. அங்குள்ள ஈரத்தில் முளைத்து, மெல்லிய குழலாகச் சூல்தண்டு வழியே கீழே இறங்குகிறது. செம்பருத்தியில் அந்தக் குழல் ஏறக்குறைய ஒரு விரல் நீளம் பயணம் செய்ய வேண்டும். பின்னர் விதையாகப்போகும் சூலை அடைந்ததும் குழல் இரண்டு ஆண் அணுக்களை விடுவிக்கிறது. ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. மற்றொன்று நடுவிலுள்ள உட்கருக்களோடு சேர்ந்து, கருவுக்கு உணவான கருவூண் ஆகிறது. இதற்கு இரட்டைக் கருவுறுதல் என்று பெயர். 1898இல் இது கண்டறியப்பட்டது. பூக்கும் தாவரங்களின் தனி அடையாளம் இதுவே.

கருவூணை நாம் தினமும் சாப்பிடுகிறோம். சோற்றில் பெரும்பகுதி அதுதான். இளநீர் என்பது நீர்வடிவக் கருவூண். அதிலுள்ள உட்கருக்களைச் சுற்றிச் சுவர் எழும்பும்போது ஓட்டின் உட்புறம் வழுக்கை படிகிறது, பிறகு அது பருப்பாக இறுகுகிறது. முளைவிட்ட தேங்காய்க்குள் பஞ்சு உருண்டையாக இருக்கும் தேங்காய்ப்பூ, அந்தப் பருப்பை உறிஞ்சி நாற்றுக்குக் கொடுக்கும் விதையிலைப் பகுதி.

ஒரு தூள் ஒரு சூலுக்கு மட்டுமே போதும். பாகற்காய்க்குள் இருபது விதை வேண்டுமென்றால் குறைந்தது இருபது தூளாவது முளைத்து இறங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விதை பிடித்தால் அந்தப் பக்கம் பருத்து, மறுபக்கம் ஒடுங்கி, காய் கோணலாகிவிடும். கோணல் காயைப் பார்த்ததும் உரத்தைக் கூட்டாதீர்கள். முதலில் மகரந்தச் சேர்க்கையைக் கவனியுங்கள்.

பாகற்கொடி நிறையப் பூக்கிறது, ஒரு காயும் இல்லை. ஏன்?

எங்கும் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பாகலில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில் தனித்தனியாக வரும். முதலில் வருபவை எல்லாம் ஆண்பூக்கள். பெண்பூ வர மேலும் ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகலாம். வந்த பிறகும் பத்து, இருபது ஆண்பூவுக்கு ஒரு பெண்பூ என்ற அளவில்தான் இருக்கும். அடையாளம் எளிது: பெண்பூவின் இதழ்களுக்குக் கீழே குட்டிப் பாகற்காய் ஒன்று முன்பே இருக்கும். ஆண்பூவுக்கு வெறும் காம்பு.

ஆண்பூ மட்டுமே பல வாரம் தொடர்ந்தால் தழைச்சத்து மிகுந்துவிட்டது என்று கொள்ளலாம். கோழி எருவை நிறுத்திவிட்டு, சாம்பல்சத்து கூடுதலான காய்கறி உரத்துக்கு மாறுங்கள். பெரும்பாலும் பக்கக்கிளைகளில்தான் பெண்பூ வரும் என்பதால், கொடி ஒன்றரை மீட்டர் ஏறியதும் நுனியைக் கிள்ளிவிடுவதும் உதவும்.

பெண்பூ வந்தும், அடியிலிருக்கும் பிஞ்சு மூன்று நாளில் மஞ்சளாகி உதிர்கிறது என்றால் மகரந்தம் சேரவில்லை. கையால் சேர்த்துவிடலாம்:

1. காலை 7 மணியிலிருந்து 9 மணிக்குள், அன்று மலர்ந்த ஆண்பூ ஒன்றைப் பறியுங்கள். மகரந்தப்பையை விரலில் தொட்டுப் பாருங்கள். மஞ்சள் தூள் ஒட்ட வேண்டும்.
2. இதழ்களைக் கிழித்துவிட்டு நடுப்பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.
3. பெண்பூவின் பச்சைச் சூல்முடியில் எல்லா மடல்களிலும் படுமாறு மென்மையாகத் தடவுங்கள். ஒரு பெண்பூவுக்கு இரண்டு ஆண்பூ பயன்படுத்தினால் காய் சீராக வரும்.
4. அன்றே பிஞ்சைச் சுற்றி மெல்லிய வலைப்பையோ காகிதப் பையோ கட்டுங்கள்.

நான்காவது படியை விட்டுவிடுவதால்தான் பலருடைய உழைப்பு வீணாகிறது. காய் ஈ பிஞ்சுத் தோலைத் துளைத்து முட்டையிடும். பிஞ்சு மஞ்சளாகி அழுகும். பார்ப்பவர்கள் மகரந்தம் சேரவில்லை என்றே நினைத்துக்கொள்வார்கள். பிஞ்சை இரண்டாகக் கீறிப் பாருங்கள். உள்ளே வெண்புழு இருந்தால் ஈயின் வேலை. எதுவும் இல்லாமல் வெறுமனே சுருங்கியிருந்தால் சேர்க்கை நடக்கவில்லை.

மழைநாளில் செய்யாதீர்கள். நீர் பட்ட மகரந்தத் தூள் வெடித்துவிடும். டிசம்பர், ஜனவரியின் வடகிழக்குப் பருவமழையில் காய் குறைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கொடி தாழ்வாரக் கூரைக்குக் கீழே இருந்தால் நல்லது.

தமிழ்நாட்டு வேளாண் குறிப்புகளில் "காலை 6 மணிக்கு" என்று இருக்கிறது. இங்கும் அதே நேரமா?

இல்லை. சிங்கப்பூரில் சூரியன் ஏறத்தாழ 7 மணிக்கு உதிக்கிறது. இங்குள்ள கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலாக முந்தி ஓடுகிறது. பூவுக்குத் தெரிந்தது வெளிச்சம் மட்டுமே. எனவே அந்தக் குறிப்புகளில் உள்ள நேரத்தோடு ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பூசணி விடியலில் மலர்ந்து நண்பகலுக்குள் வாடும். வெள்ளரியும் பாகலும் காலையில் மலரும். பீர்க்கும் சுரையும் மாலையில்தான் திறக்கும், இங்கே 6 மணிக்குமேல். புடலை இருட்டத் தொடங்கியபின் நூல் நூலான வெள்ளை விளிம்பை விரிக்கும். அந்த மூன்றுக்கும் அந்துப்பூச்சிகள்தான் பெரிய துணை. காலையில் எழுந்து சுரைப்பூவைத் தேடினால் வாடியதுதான் கிடைக்கும். வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்குச் சுரையும் பீர்க்கும் வசதியான கொடிகள்.

மிளகாயும் கத்தரியும் பூத்துப் பூத்து உதிர்கின்றன. அவற்றுக்கும் கையால் சேர்க்க வேண்டுமா?

இவற்றில் ஒரே பூவில் ஆணும் பெண்ணும் உண்டு. தூள் உள்ளேயே விழுந்தால் போதும். ஆனால் கத்தரியிலும் தக்காளியிலும் தூள் தானாக எளிதில் கொட்டாது. மகரந்தப்பைகளின் நுனி வழியேதான் அது வெளிவரும். யாராவது பூவை அதிரச் செய்ய வேண்டும். இங்கே அந்த வேலையைச் செய்வது கருநிறத் தச்சுத்தேனீ. பூவைக் கவ்விக்கொண்டு சிறகுத் தசைகளை அதிர வைக்கும், தூள் கொட்டும். பூங்காக்களில் ஊதாப் பூவோடு நிற்கும் செண்டுடுக் புதரிலும் அது இதையே செய்வதைப் பார்க்கலாம்.

வீட்டில் மின்சாரப் பல்துலக்கியின் பின்புறத்தைப் பூக்காம்பில் மூன்று வினாடி வைத்தால் அதே அதிர்வு கிடைக்கும். மிளகாய்க்கு அதுகூட வேண்டாம். காலையில் செடியை இலேசாகத் தட்டிவிட்டால் போதும்.

அப்படியும் உதிர்ந்தால் வெப்பத்தைச் சந்தேகியுங்கள். பகலில் 32 பாகையைத் தாண்டி, இரவும் தணியாமல் இருக்கும்போது மகரந்தம் வலுவிழக்கும். மேற்கு வெயில் நேராக அடிக்கும் சுவரோரம் இந்தச் சிக்கல் மிகுதி. பெரிய தக்காளி வகைகள் இங்கே காய்ப்பிடிக்கத் திணறுவதும் இதனால்தான். செர்ரித் தக்காளியும் வெப்பமண்டல மிளகாய்களும் தாங்கும்.

பத்தாவது மாடிக்குத் தேனீ வருமா?

வரும், ஆனால் கீழே பூக்கள் நிறைந்திருக்கும்போது மேலே ஏறிவர அவற்றுக்குக் காரணம் வேண்டும். ஒரே ஒரு கொடியால் அவற்றை இழுக்க முடியாது. துளசியையும் திருநீற்றுப்பச்சிலையையும் கிள்ளாமல் பூக்கவிடுங்கள். பூச்சிமருந்து தெளித்தே தீர வேண்டுமென்றால் இருட்டிய பிறகு தெளியுங்கள்.

பப்பாளிக் கன்று ஆணா பெண்ணா என்று முன்கூட்டியே தெரியுமா?

பூக்கும்வரை கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வேரை, விதை நிறத்தைப் பார்த்துச் சொல்வதெல்லாம் நம்பத்தக்கதல்ல. பப்பாளியில் ஆண், பெண், இருபால் என மூன்று வகை மரங்கள் உண்டு. கடையில் வாங்கும் நீளமான பழம் இருபால் மரத்தினுடையது. உருண்டைப் பழம் பெண்மரத்தினுடையது.

நீளப் பழம் தன் மகரந்தத்தாலேயே கருவுற்றிருந்தால், அதன் விதைகளில் மூன்றில் இரண்டு பங்கு இருபாலாகவும் ஒரு பங்கு பெண்ணாகவும் வரும். ஆண் வராது. எனவே ஒரு குழியில் மூன்று கன்று நடுங்கள். மூன்றுமே பெண்ணாகிவிடும் வாய்ப்பு 27இல் ஒன்றுதான். பூத்ததும் இருபால் மரத்தை வைத்துக்கொண்டு மற்றவற்றை அகற்றுங்கள். தனியாக நிற்கும் பெண்மரத்துக்கு அக்கம்பக்கத்திலிருந்து மகரந்தம் வந்தாக வேண்டும்.

விதையைச் சுற்றியுள்ள வழவழப்பான உறையில் முளைப்பைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. வடிகட்டியில் தேய்த்துக் கழுவி, ஒருநாள் நிழலில் உலர்த்தி விதைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும்.

கறிவேப்பிலைக் குச்சி எத்தனை நட்டாலும் காய்ந்துவிடுகிறதே?

தேக்காவில் வாங்கிய கறிவேப்பிலைக் கொத்தை நட்டுப் பார்க்காதவர்கள் குறைவு. அது வேர்விடாது. பறித்துப் பல நாள் ஆன இளந்தண்டு அது. புதிதாக வெட்டிய பென்சில் தடிமன் குச்சியிலும் வெற்றி அரிதே. கறிவேப்பிலைக்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு.

முதலாவது வேர்க்கன்று. வளர்ந்த மரத்தைச் சுற்றி மண்ணிலிருந்து கிளம்பும் கன்று 15 செ.மீ. உயர்ந்ததும், தாய்க்கும் அதற்கும் நடுவே மண்வெட்டியை நேராக இறக்கி வேரைத் துண்டியுங்கள். உடனே பிடுங்காதீர்கள். மூன்று வாரம் அங்கேயே விட்டால் தன் சொந்த வேரைப் பெருக்கிக்கொள்ளும். பிறகு மண்ணோடு எடுத்துத் தொட்டியில் வைத்து, இலைகளில் பாதியைக் கிள்ளிவிட்டு, நிழலில் இரண்டு வாரம் வையுங்கள். கன்று எடுத்த அன்றே வெயிலில் வைப்பதுதான் பெரும்பாலான சாவுக்குக் காரணம்.

இரண்டாவது விதை. கருநீலமாகப் பழுத்த பழத்தின் சதையை நீக்கிக் கழுவி, ஓரிரு நாளில் விதைத்துவிட வேண்டும். உலர்ந்தால் உயிர் போய்விடும். ஊரிலிருந்து உறையில் வரும் காய்ந்த கறிவேப்பிலை விதை முளைக்காததன் காரணம் இதுவே. பலா, மா, ரம்புத்தான், டுரியான், ரப்பர் எல்லாம் இந்த வகை. 1876இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுபோன ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளில் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றின் வழிவந்த 22 நாற்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. பின்னாளில் இந்த வட்டாரத்தில் எத்தனையோ தமிழர்கள் உழைத்த ரப்பர்த் தோட்டங்களுக்கு அந்தச் சில நாற்றுகளே தொடக்கம்.

மல்லிகை, செம்பருத்தி, வெற்றிலை: குச்சி வேர்விட என்ன செய்ய வேண்டும்?

முற்றியும் முற்றாமலும் உள்ள தண்டு வேண்டும். வளைத்தால் சற்று வளைந்து பிறகு ஒடிய வேண்டும், அதுவே பதம். 10 முதல் 15 செ.மீ. நீளத்தில், மூன்று கணு இருக்கும்படி, கீழ்க்கணுவுக்குச் சற்றுக் கீழே கூரான கத்தியால் வெட்டுங்கள். மேலே இரண்டு இலை தவிர மற்றவற்றை நீக்கி, அந்த இரண்டையும் பாதியாக நறுக்குங்கள். மொக்கு இருந்தால் கிள்ளிவிடுங்கள், வேருக்குப் போக வேண்டிய சத்தை அது தின்றுவிடும்.

ஊடகத்துக்குத் தேங்காய் நார்த்தூளும் கரடு மணலும் சம பங்கு. மணலுக்குப் பதில் பெர்லைட்டும் போடலாம். உரம் கலக்காதீர்கள். வேரில்லாத தண்டு உரத்தை உறிஞ்சாது, வெட்டுவாய்தான் எரியும். ஒரு கணுவாவது உள்ளே புதையும்படி நட்டு, தெளிவான பிளாஸ்டிக் பையால் மூடி, வெளிச்சமான நிழலில் வையுங்கள். மல்லிகைக்கு மூன்று நான்கு வாரம் ஆகும். அதற்கிடையே பிடுங்கிப் பார்க்க வேண்டாம். புதுத் தளிர் மட்டும் போதிய அடையாளமாகாது, தண்டிலுள்ள சேமிப்பிலும் தளிர் வரும். மெல்ல இழுத்தால் பிடிமானம் தெரிய வேண்டும். வெற்றிலைக்குக் கணுவேர் முன்பே இருப்பதால் இரண்டு கணுவை மண்ணில் கிடத்தினால் விரைவில் பிடிக்கும்.

முருங்கைக்குப் போத்து. ஒரு மீட்டர் நீளம், கைக்கட்டைவிரலைவிடத் தடித்த கிளை. வெட்டுவாயை ஒருநாள் நிழலில் உலரவிட்டு, மூன்றில் ஒரு பங்கைப் புதையுங்கள். தளிர்க்கும்வரை நீர் குறைவாகவே ஊற்ற வேண்டும், மிகுந்தால் அடி அழுகும். சாலையோர அங்சானா மரங்கள் பலவும் இப்படிப் பெரிய போத்தாக நடப்பட்டவைதான். நகரை விரைவில் பசுமையாக்க அந்த முறை பயன்பட்டது.

தண்ணீர்ப் புட்டியில் வேர்விடச் செய்கிறவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் நீரை மாற்றி, புட்டியின் உட்சுவரையும் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் கொசு ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து முழுக் கொசுவாகிவிடும், முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும். தொட்டிகளைப் பொது நடைவழியில் வைத்தால் குறைந்தது 1.2 மீட்டர் வழி விடவேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

எலுமிச்சை, கொய்யாவில் விண்பதியம் போடுவது எப்படி?

பென்சிலுக்கும் கட்டைவிரலுக்கும் இடைப்பட்ட தடிமனுள்ள கிளையில், 2 முதல் 3 செ.மீ. அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரியுங்கள். அடியிலுள்ள வழவழப்பான படலத்தைக் கத்தி முதுகால் சுரண்டி எடுங்கள். பிழிந்தால் சொட்டாத அளவு ஈரமுள்ள பாசியையோ நார்த்தூளையோ சுற்றி, பிளாஸ்டிக் தாளால் மூடி, இரு முனையையும் இறுக்கிக் கட்டுங்கள்.

இலைகளில் தயாராகும் சர்க்கரை பட்டை வழியாகத்தான் கீழே இறங்கும். பாதை துண்டானதும் அது வளையத்தின் மேல்விளிம்பில் தேங்கும், வேரைத் தூண்டும் இயக்குநீரும் அங்கேயே சேரும். நீர் உட்கட்டை வழியாக மேலே போய்க்கொண்டே இருப்பதால் கிளை வாடாது. படலத்தைச் சுரண்டாமல் விட்டால் பட்டை மறுபடி பாலம் கட்டிக்கொள்ளும், இரண்டு மாதம் காத்திருந்தும் வேர் வராது.

ஆறு முதல் எட்டு வாரத்தில் தாளுக்குள் வேர் தெரியும். வெள்ளை வேர் பழுப்பாகி இரண்டாவது கிளைவிட்ட பிறகு வெட்டுங்கள்.

வாழைக்கு ஏன் விதையே இல்லை?

நாம் உண்ணும் வாழைகளில் பெரும்பாலானவை மூன்று தொகுதி நிறப்புரி (குரோமோசோம்) கொண்டவை. சீரான பால் அணுக்களை அவற்றால் உருவாக்க முடியாது. கருவுறாமலேயே காய் பருக்கிறது. பெருக்கத்துக்குக் கன்றுதான். குறுகிய வாள்போன்ற இலையுள்ள ஈட்டிக்கன்றை எடுங்கள். அகன்ற இலையுள்ள நீர்க்கன்று பார்க்கச் செழிப்பாக இருந்தாலும் அதன் கிழங்கு வலுவற்றது.

சாப்பிட்ட மாம்பழக் கொட்டையை நட்டால் அதே பழம் வருமா?

வகையைப் பொறுத்தது. அல்போன்சா, பங்கனபள்ளி போன்ற பெரும்பாலான இந்திய வகைகளில் கொட்டைக்கு ஒரு கரு, அது கலப்பில் பிறந்தது. பழம் மாறும். தாய்லாந்தின் நாம் டாக் மாய் போன்ற தென்கிழக்காசிய வகைகளில் ஒரே கொட்டையிலிருந்து பல நாற்று கிளம்பும். அவற்றில் பல, தாயின் திசுவிலிருந்தே நேராக வந்த நகல்கள். கொட்டையின் ஓட்டைப் பிளந்து பருப்பை மட்டும் ஈரமாக நட்டால் விரைவில் முளைக்கும். ஆனால் தொட்டியில் கொட்டைக்கன்று காய்க்கப் பல ஆண்டாகும், ஒட்டுக்கன்று வாங்குவதே நல்லது.

ஆர்க்கிட் விதையை வீட்டில் முளைக்க வைக்கலாமா?

மண்ணில் தூவி முளைக்க வைக்க முடியாது. ஆர்க்கிட் விதை தூசு போன்றது. ஒரு காயில் இலட்சக்கணக்கில் இருக்கும், ஆனால் கருவூண் கிடையாது. இயற்கையில் ஒரு பூஞ்சை உள்ளே புகுந்து உணவூட்டினால்தான் முளைக்கும். பூஞ்சைக்குப் பதில் சர்க்கரை கலந்த கூழில், கிருமிநீக்கிய குடுவைக்குள் முளைக்கச் செய்யும் முறை 1922இல் வெளியானது. அதைக்கொண்டு சிங்கப்பூர்ப் பூமலையில் (தாவரவியல் பூங்காவில்) 1928இல் எரிக் ஹோல்ட்டம் கலப்பினப் பணியைத் தொடங்கினார்.

1981இல் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோவாக்கிம் அதற்கும் முந்தியது. 1893இல் பூமலையின் தலைவர் ஹென்றி ரிட்லி அதை உலகுக்கு அறிவித்தார். அதைப் பெருக்கக் குடுவை வேண்டாம். காற்றுவேர் இரண்டு மூன்று உள்ள நுனித்தண்டை அரை மீட்டர் வெட்டி, கம்பத்தில் கட்டி முழுவெயிலில் வைத்தால் போதும். நுனி கம்பத்துக்கு மேலே எழுந்த பிறகே பூக்கும். டென்ட்ரோபியத்தில் தண்டின் கணுவில் தானாகவே குட்டிச்செடி வரும். அதன் வேர் 5 செ.மீ. நீண்டதும் பிரித்தெடுங்கள்.

சாலையோர மரங்களில் ஒட்டி வளரும் புறா ஆர்க்கிட்டைக் கவனித்திருப்பீர்கள். பெருமழையால் வெப்பம் சட்டென்று தணிந்த ஒன்பதாம் நாள், வட்டாரம் முழுவதும் ஒரே காலையில் பூத்து மாலைக்குள் வாடும். ஒரே நாளில் எல்லாம் பூத்தால்தான் அடுத்த மரத்துச் செடியின் மகரந்தம் இதற்கு வந்துசேரும்.

பூவே இல்லாத பெரணி?

இலையின் அடிப்புறக் கோடுகளிலுள்ள பழுப்புத் தூள் நோயல்ல, வித்துத்தூள். ஈரத்தில் அது விரல்நகத்தைவிடச் சிறிய, இதய வடிவப் பச்சைத் தகடாகும். அதில்தான் ஆணும் பெண்ணும் உருவாகும். ஆண் அணு நீந்தி வர நீர்ப்படலம் வேண்டும். அதனால்தான் பறவைக்கூட்டுப் பெரணி எப்போதும் ஈரமான சுவர்வெடிப்பிலும் மரக்கவட்டிலும் தானாக முளைக்கிறது.

சேமித்த விதை அடுத்த ஆண்டு முளைக்கவில்லை. என்ன தவறு?

காற்றின் ஈரம். விதையின் ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிக்கும், 5 பாகை குளிர்ந்தாலும் அப்படியே என்பது விதைத்துறையில் பழகிய கணக்கு. இங்கே திறந்த காகித உறையில் வைத்தால் இரண்டும் கைகூடாது. நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான புட்டியில் அடைத்து, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். எடுக்கும்போது புட்டி அறைவெப்பத்துக்கு வந்தபின் திறங்கள். குளிர்ந்த விதைமேல் நீர் வியர்த்தால் உலர்த்தியதெல்லாம் வீண். வெங்காய விதை ஓராண்டைத் தாண்டுவது அரிது. மிளகாய், தக்காளி சில ஆண்டு தாங்கும்.

உறையில் எஃப்1 என்று இருந்தால் அது கலப்பின வீரிய விதை. அதன் காயிலிருந்து விதை எடுத்தால் அடுத்த தலைமுறை பலவிதமாகப் பிரியும்.

ஊரிலிருந்து செடியோ குச்சியோ கொண்டு வரலாமா?

பொதுவாக, தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி அனுமதியும், புறப்படும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். பையில் சுருட்டி எடுத்துவரும் ஒரு மல்லிகைக் குச்சியில் செதிற்பூச்சியோ, ஒட்டிய மண்ணில் நூற்புழுவோ இருந்தால் அது உங்கள் தொட்டியோடு நிற்காது, கீழேயுள்ள சமூகத் தோட்டத்துக்கும் பரவும். மல்லிகையும் கறிவேப்பிலையும் இங்குள்ள நாற்றங்கால்களிலேயே கிடைக்கின்றன. ஒரு தாய்ச்செடி வாங்கிவிட்டால், மேலே சொன்ன முறைகளில் அக்கம்பக்கத்தாருக்கும் நீங்களே கன்று எடுத்துக் கொடுக்கலாம்.